நெல்லின் நறுமணம்: பிறப்புரிமையியலும் உழைப்பின் வரலாறும்

இலக்கியத்திலே நெல் பேசப்படும் இடங்கள் பலவற்றில், அதன் வளமும் மணமும் மண்ணின் கொடையாகவும் நீரின் கொடையாகவும் மன்னனது செங்கோலின் சிறப்பாகவும் கொள்ளப்படுவதைக் காண்கிறோம். விளைவித்தவனது கை அவ்வருணனைகளிலே பெரும்பாலும் மறைந்தே நிற்கும். பள்ளு இலக்கியம் இதற்கு ஓரளவு விதிவிலக்கானது. முக்கூடற்பள்ளு போன்ற நூல்களில் நெல்வகைகளின் பெயர்கள் நிரல்பட வரும்போது, அவற்றை அறிந்து ஒப்புவிப்பவன் பண்ணைக்காரன் அல்லன். பண்ணையிற் கட்டுண்டு கிடந்த பள்ளனே. வித்துப் பற்றிய அறிவு எவரிடத்தில் இருந்தது என்பதனை, தன்னையறியாமலே பதிவு செய்துள்ள இலக்கியம் அது. இலக்கிய மாணவராகிய நாம் பிறப்புரிமையியல் சார்ந்த பொருளொன்றைத் தொடுவதற்கு இதுவே நியாயமாகும். ஏனெனில் கடந்த நாற்பதாண்டுக் காலத்திலே நறுமண நெல் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்தவை, அம்மணம் எவருடைய ஆக்கம் என்ற வினாவுக்கு எதிர்பாராத திசையொன்றிலிருந்து விடை தருகின்றன.

முதலில் மணத்தின் பௌதிக அடிப்படையை நோக்குவோம். சோற்றிலிருந்து எழும் ஆவியில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்வைகள் கலந்துள்ளன. இவற்றுள் பாஸ்மதிக்கும் தாய்லாந்தின் மல்லிகை அரிசிக்கும் பொதுவான தனிமணத்தைத் தருவது எது என்பதை, ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கலிபோர்னிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பட்டரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1982, 1983ஆம் ஆண்டுகளில் இனங்கண்டனர். 2-அசற்றைல்-1-பைரோலீன் எனப்படும் அச்சேர்வை, நீரிலே ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருப்பினும் மனித மூக்கு அதனை உணர்ந்துகொள்ளும். சோளப்பொரியின் வாசனையிலும் அது உண்டு. ரம்பை இலையில் மிகுதியாக உண்டு. தென்கிழக்காசிய மக்கள் மணமற்ற அரிசியோடு ரம்பை இலையை இட்டு அவிப்பதும், இலங்கை அடுக்களைகளிலே சோற்றுக்கும் கறிக்கும் அது தவறாது இடம்பெறுவதும் வெறும் பழக்கமன்று. விலையுயர்ந்த அரிசிக்கும் வேலியோரத்து இலைக்கும் மணம் தருவது ஒரே பொருளே என்பதனை இரசாயனம் எடுத்துரைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே சமைத்த கைகள் அறிந்திருந்தன.

இச்சேர்வை நெற்பயிரில் எவ்வாறு தோன்றுகிறது என்பதே பிறப்புரிமையியலாளரை நெடுங்காலம் மயக்கிய பிரச்சினை. மணம் ஆட்சியுடைய பரம்பரையலகு ஒன்றினால் வருகிறது என்று சிலர் கூறினர். பின்னிடைவான ஒன்றினால் என்றனர் வேறு சிலர். இரண்டு, மூன்று அலகுகள் சேர்ந்து தொழிற்படுகின்றன என்போரும் இருந்தனர். இம்முரண்பாட்டுக்கு ஒரு முக்கிய காரணம், அளவிடும் கருவி மூக்காக இருந்தமையே. பத்து மாதிரிகளை முகர்ந்தபின் பதினோராவதை நம்பமுடியாது. 1978இல் இந்திய ஆய்வாளரான சூட், சித்திக் ஆகிய இருவரும், இலைத் துண்டுகளைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு முகரும் எளிய சோதனையொன்றை வகுத்தனர். மணி முற்றும்வரை காத்திராமல் இளம் பயிரிலேயே மணத்தை அறிய அது வழிசெய்தது. மூக்கு அங்கும் விலகவில்லையாயினும் முடிவுகள் ஓரளவு நிலைபெற்றன. 1992இல் மணத்துக்குரிய இடம் நெல்லின் பன்னிரு சோடி நிறமூர்த்தங்களுள் எட்டாவதில் உள்ளதெனக் குறிக்கப்பட்டது. 2005இல் அவுஸ்திரேலியாவின் சதேர்ன் குறொஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் அப்பரம்பரையலகையே இனங்கண்டு வெளிப்படுத்தினர்.

அவர்கள் கண்டது நாம் எண்ணக்கூடியதற்கு நேர்மாறானது. நறுமண நெல்லிலே மணத்தை ஆக்கும் புதிய அலகு எதுவும் தோன்றியிருக்கவில்லை. எல்லா நெல்லிலும் உள்ள ஓர் அலகு பழுதடைந்திருந்தது. பீற்றேன் அல்டிகைட்டு டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியத்தின் இரண்டாம் வடிவத்தை ஆக்குவது இவ்வலகின் பணியாகும். அதனைச் சுருக்கமாகப் பாட்-2 என்பர். மணமற்ற நெல்லிலே இந்நொதியம் ஒரு குறித்த அல்டிகைட்டைக் காமா அமினோபியூற்றரிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. நொதியம் இயங்காதவிடத்து அவ்வல்டிகைட்டு தேங்கி, பைரோலீன் வடிவம் பெற்று, ஈற்றில் நாம் மேலே கூறிய மணச்சேர்வையாக மாறுகிறது. எனவே மணம் என்பது ஒரு தடையின் விளைவு. வாய்க்கால் அடைபட்டதனால் வயலிற் பரவிய நீர் போன்றது.

பழுது எத்தகையது என்பது ஏட்டுச்சுவடிகளோடு பழகியோருக்கு எளிதில் விளங்கும். அப்பரம்பரையலகின் ஏழாம் கூற்றிலே எட்டெழுத்துகள் விடுபட்டுள்ளன. பரம்பரையலகின் எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்த்து வாசிக்கப்படுபவை. மும்மூன்றுக்கும் ஓர் அமினோவமிலம். எட்டு என்பது மூன்றால் வகுபடாத எண் ஆகையால், விடுபட்ட இடத்திற்கு அப்பால் வாசிப்பு முழுவதும் பிறழ்ந்துவிடுகிறது. சொற்பிரிப்பு இன்றித் தொடர்ந்தெழுதிய சுவடியிலே ஏடெழுதுவோன் சில எழுத்தை விட்டுவிட, பின்வரும் சொற்களெல்லாம் தவறாகப் பிரிவதை ஒத்தது இது. பிறழ்ந்த வாசிப்பு விரைவிலேயே முடிவுக்குறியொன்றில் முட்டி நின்றுவிடுகிறது. 503 அமினோவமிலங்கள் கொண்டதாக அமைய வேண்டிய நொதியம் ஏறத்தாழ அரைவாசியில் அறுந்து, பயனற்றுப் போகின்றது.

இங்கு நாம் சற்றுத் தரித்து நோக்க வேண்டியுள்ளது. மேற்குறித்த பழுது பின்னிடைவானது. தாய்வழி வந்த பிரதியும் தந்தைவழி வந்த பிரதியும் ஆகிய இரண்டுமே பழுதுற்றாலன்றி மணம் வெளிப்படாது. ஒன்று செம்மையாக இருப்பினும் போதிய நொதியம் உண்டாகிவிடும். ஆகவே இவ்விகாரம் முதன்முதல் நிகழ்ந்த பயிரிலே மணம் இருந்திருக்க முடியாது. அப்பயிர் தன்மகரந்தச் சேர்க்கையால் ஈன்ற வித்துகளிலே நாலில் ஒரு பங்கே இரு பழுதுப் பிரதிகளையும் பெற்றிருக்கும். அடுத்த போகத்தில் ஆயிரக்கணக்கான பயிர்களிடையே அவ்வாறான ஒருசில பயிர்கள் நின்றிருக்கும். அவற்றை எவரேனும் கவனித்திராவிடின் என்ன நிகழ்ந்திருக்கும்? மணத்தினால் நெல்லுக்கு வெளிப்படையான நன்மை எதுவும் இல்லை. மாறாக, உவர்நிலையிலே நறுமண நெல்லின் விளைச்சல் குன்றுவதாக 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியுள்ளது. கவனிப்பாரற்று விடப்பட்டிருந்தால் அப்பழுது எண்ணற்ற பிற விகாரங்களைப்போல மறைந்தே போயிருக்கும்.

அது மறைந்து போகவில்லை. நறுமணப் பயிரின் இலையும் தண்டும் பூவும் மணக்கும், வேரொன்றே மணமற்றது. பூக்கும் காலத்தில் வயலிறங்கிக் களை பிடுங்கியோ, கதிரறுத்தோ, உலையிலிட்டோ எவரோ ஒருவர் வேறுபாட்டை உணர்ந்திருக்கிறார். அக்கதிர்களைத் தனியே எடுத்திருக்கிறார். தனிக்குதிரில் வைத்து, தனிப்பாத்தியில் விதைத்திருக்கிறார். ஒருமுறை செய்தது போதாது. ஒவ்வொரு போகத்திலும் செய்யவேண்டும். இது நாற்று நடுவோரும் களை எடுப்போரும் சமைப்போரும் செய்யக்கூடிய தெரிவு. ஆகவே இதில் பெண்களின் பங்கு பெரிதாயிருந்திருக்க வேண்டும் என்பது எமது துணிபு. மெண்டலின் ஆய்வு 1866இல் வெளிவருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பின்னிடைவான இயல்பொன்றைத் தூய வழியாக நிலைநிறுத்தும் செய்முறை வயலிலே கைவரப்பெற்றிருந்தது. கொள்கை வகுக்கப்படவில்லை, செயல் முழுமை பெற்றிருந்தது. (நாம் விரும்பியுண்ணும் பிற இயல்புகள் பலவும் இத்தகையனவே. காட்டுநெல்லின் அரிசி சிவப்பு. வெள்ளரிசியிற் பெரும்பாலானவை, சிவப்பை ஆக்கும் அலகிலே பதினான்கெழுத்து விடுபட்டதன் பயன் என்பது 2006இல் அறியப்பட்டது. சிவப்பரிசியை நாட்டுப்புறத்தவர் உணவென ஒதுக்கும் நகரத்தவர் இதனைச் சிந்திக்கலாம்.)

சுவடியியலிலே ஒரு விதி உண்டு. இரு சுவடிகள் ஒரே சரியான பாடத்தைக் கொண்டிருப்பது அவற்றின் உறவைக் காட்டாது. ஒரே பிழையைக் கொண்டிருப்பதே காட்டும். 2009இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து பல நாட்டு நறுமண நெல்வகைகளை ஒப்பிட்டபோது, அவற்றிற் பெரும்பாலானவை, பாஸ்மதியும் மல்லிகை அரிசியும் உட்பட, அதே எட்டெழுத்துப் பிழையையே கொண்டிருந்தன. பிழையின் அயலிலுள்ள எழுத்துகளும் ஒத்திருந்தமையால், அது ஒரு முறை மாத்திரமே தோன்றி, யப்பொனிக்கா எனப்படும் நெற்குழுவிலிருந்து இந்திக்கா குழுவுக்குக் கலப்பினால் பரவியது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். இமயமலை அடிவாரத்துக்கேயுரிய தனிச்சொத்தாகப் போற்றப்படும் பாஸ்மதி, அவ்வலகின் சுற்றுப்புறத்திலே இந்திக்காவை விட யப்பொனிக்காவுக்கே நெருங்கியதாயிருந்தது. வேறு வகையான பழுதுகளும் காணப்பட்டன என்பதையும் கூறவேண்டும். உதாரணமாக, அதே அலகின் இரண்டாம் கூற்றில் ஏழெழுத்து விடுபட்ட வகைகள் சீனாவில் உள. வெவ்வேறிடத்து உழவர் வெவ்வேறு பழுதுகளை ஒரே மணத்துக்காகப் பேணியிருக்கின்றனர். ஆயினும் பெரும்பரப்பில் நிலவுவது ஒற்றைப் பிழையே. அது கைமாறிக் கைமாறி, மொழியும் அரசும் கடந்து சென்றுள்ளது. விற்றவர் எவர், கொடுத்தவர் எவர் என்பதற்குக் கணக்கில்லை.

எட்டெழுத்தே மணம் முழுவதும் என்று கொள்வது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். அதே பரம்பரையலகைக் கொண்ட பயிர் ஓரிடத்தில் மிகுந்தும் வேறிடத்தில் குன்றியும் மணக்கிறது. மணி முற்றும் பருவத்தில் குளிர்ந்த இரவுகள் வாய்ப்பின் மணம் கூடும். நீர்த்தட்டுப்பாடும் மிதமான உவரும் அதனைக் கூட்டுகின்றன. தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள துங் குலா ரோங்ஹாய் சமவெளி இதற்குச் சிறந்த சான்று. குலா மக்கள் அழுத வெளி என்பது அப்பெயரின் பொருள். நீரற்ற, உவர்பற்றிய, நாட்டின் மிக வறிய நிலங்களுள் ஒன்று. நறுமணத்தாற் பேர்பெற்ற மல்லிகை அரிசி விளைவது அங்கேதான். பயிரின் இடரே மணத்தைப் பெருக்குகிறது. அதே இடர் விளைச்சலைக் குறைக்கிறது. உழவன் இழப்பதும் வணிகன் பெறுவதும் ஒரே மணியிலே கட்டுண்டு கிடக்கின்றன. இதைவிடத் தெளிவான முரண்பாட்டை நாம் தேடிச்செல்ல வேண்டியதில்லை.

இனி, நிறுவனங்களின் கைக்கு இத்தெரிவு மாறியதை நோக்கலாம். பாஸ்மதி என்னும் பெயரைச் சுட்டும் முற்பட்ட குறிப்புகளுள் ஒன்றாக வாரிஸ் ஷா 1766இல் இயற்றிய ஹீர் காவியத்தை ஆய்வாளர் காட்டுவர். அக்காலத்தே பஞ்சாபில் அது பலவாறான கலவை வித்துகளாக வழங்கியது. பிரித்தானிய ஆட்சியில் லாகூருக்கு அண்மையிலுள்ள காலா ஷா காகுவில் 1926இல் நெற்பண்ணை அமைக்கப்பட்டது. உழவரது வயல்களிலிருந்து திரட்டிய கதிர்களிலிருந்து தனிவழி தெரிந்து, 1933இல் பாஸ்மதி 370 வெளியிடப்பட்டது. அங்கு கலப்பு எதுவும் நிகழவில்லை. உழவர் ஏலவே ஆக்கிவைத்ததிலிருந்து ஒன்றைத் தெரிந்து இலக்கமிட்டனர். தாய்லாந்திலும் நடந்தது இதுவே. 1950 அளவிலே சாச்செங்சாவோ மாகாணத்திலிருந்து 199 கதிர்கள் சேகரிக்கப்பட்டன. அவற்றுள் நூற்றைந்தாவது கதிரின் வழித்தோன்றலே 1959இல் காவ் டோக் மலி 105 என வெளியாகி, இன்றும் உலகச் சந்தையில் மல்லிகை அரிசியின் தலையாய வகையாக உள்ளது. இலக்கங்கள் நிலைத்தன, கதிரைக் கொடுத்தோரின் பெயர்கள் அவ்விலக்கங்களில் இல்லை.

உண்மையான இனவிருத்திச் சிக்கல் இதன் பின்னரே எழுகிறது. 1966இல் ஐ.ஆர். 8 வெளிவந்ததையடுத்துக் குட்டை நெல்வகைகள் ஆசியாவெங்கும் பரவின. உரத்துக்கு இசைந்து மிகுவிளைச்சல் தந்த இவ்வினங்களின் முன் பாரம்பரியப் பாஸ்மதி தாக்குப்பிடிக்க இயலவில்லை. ஆளுயரம் வளர்ந்து சாயும் அது, ஹெக்டயருக்கு இரண்டு, இரண்டரைத் தொன்னே தந்தது. இரண்டையும் கலந்தால் என்ன? கலப்பின் முதற்சந்ததியில் மணமே இராது. இரண்டாம் சந்ததியில் நாலில் ஒன்றிலே மணம் மீளும். ஆனால் மணிநீளம், அவியும்போது நீளும் இயல்பு, உதிரியாக நிற்கும் பதம் ஆகியவை பல அலகுகளால் ஆளப்படுபவை. அவை நாலாபுறமும் சிதறிப்போகும். பாஸ்மதியும் இந்திக்காவும் தூரத்து உறவினவாதலால் பதர் மிகுந்த சந்ததிகளும் தோன்றும். இச்சிக்கலை அவிழ்ப்பதிலே ஏறத்தாழ இரு தசாப்தங்கள் கழிந்தன. இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 1989இல் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1 உலகின் முதலாவது குட்டைப் பாஸ்மதியாகும். அது நாலரைத் தொன் வரை விளைந்தது. 2003இல் வந்த பூசா 1121 அவியும்போது மிக நீண்டு விரிவது. இந்திய ஏற்றுமதியைப் பெருக்கியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 2023-24இல் இந்தியா ஐம்பது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பாஸ்மதியை ஏற்றுமதி செய்தது. பொது நிதியில் இயங்கிய ஆய்வுகூடத்தின் இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. பசுமைப் புரட்சி பற்றி முற்போக்காளரிடையே வழங்கும் ஒட்டுமொத்தக் கண்டனம் இவ்விடத்திற் பொருந்தாது என்றே கருதுகிறோம்.

மணம் பணமானதும் உடைமைப் பிரச்சினை தலையெடுத்தது. 1997 செப்டெம்பரில் ரெக்சாஸைச் சேர்ந்த ரைஸ்ரெக் நிறுவனத்துக்குப் பாஸ்மதி நெல்வழிகளும் மணிகளும் என்னும் தலைப்பில், இருபது கோரிக்கைகள் கொண்ட ஆக்கவுரிமை ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்டது. பாஸ்மதியை அமெரிக்கக் குட்டை நெல்லோடு கலந்து பெற்ற வழிகளே அதற்கு அடிப்படை. கலப்பிலே அந்நிறுவனத்தாரின் உழைப்பு இல்லையென்று கூறமுடியாது. ஆனால் கோரிக்கைகள் அக்கலப்பு வழிகளோடு நில்லாமல், பாஸ்மதிக்குரிய மணியியல்புகளையே உரிமை கொண்டாடின. இந்தியா 2000இல் மறுபரிசீலனை கோரியது. 2001 ஓகஸ்ட் அளவில் பதினைந்து கோரிக்கைகள் வீழ்ந்து, மூன்று குறித்த நெல்வழிகள் சார்ந்த ஐந்தே எஞ்சின. தலைப்பிலிருந்தும் பாஸ்மதி என்ற சொல் நீங்கியது.

இதனைத் தேசத்தின் வெற்றியெனக் கொண்டாடியோர் அடுத்து நிகழ்ந்ததையும் நோக்க வேண்டும். புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் 2016இல் இந்தியா ஏழு மாநிலங்களுக்குப் பாஸ்மதிப் பெயரை உரித்தாக்கியது. மத்தியப் பிரதேச உழவர் அந்த எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இந்தியா 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் அப்பெயருக்குப் பதிவு கோரியபோது பாகிஸ்தான் எதிர்த்தது. 2021இல் அதுவும் தன் சட்டத்தின்கீழ் அப்பெயரைப் பதிந்துகொண்டது. 1933இல் ஒரே பண்ணையில் இலக்கம் பெற்ற வித்து, 1947இல் கீறப்பட்ட எல்லையின் இரு மருங்கிலும் உரிமைப்பொருளாயிற்று. தாய்லாந்து ஆய்வாளரும் நறுமண அலகின் செயற்பாட்டைக் குறைத்து மணமூட்டும் முறைக்கு 2008இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றனர். பிறர் கைப்பற்றுமுன் காப்பது என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் விளங்கிக்கொள்ளத்தக்கதே, ஆயினும் பறிப்போனின் படைக்கலத்தையே காப்போனும் ஏந்த நேர்வது, பொதுவுடைமையாயிருந்த ஒன்று எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் வந்து சேர்ந்துள்ளது என்பதைக் காட்டுகிறது.

2015இல் சீன ஆய்வாளர், பரம்பரையலகைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் நொதியங்களைக் கொண்டு, மணமற்ற நெல்வகையொன்றின் பாட்-2 அலகைப் பழுதாக்கி, கிலோவுக்கு 0.35 முதல் 0.75 மில்லிகிராம் வரை மணச்சேர்வையைப் பெற்றனர். கலப்பும் இல்லை, சந்ததிதோறும் முகர்ந்து தெரியும் உழைப்பும் இல்லை. பாஸ்மதியின் நீட்சியோ பதமோ இவ்வழியில் வந்துவிடா. மணம் மட்டும் எந்த நெல்லுக்கும் வந்துசேரும். ரெக்சாஸ் ஆக்கவுரிமையில் எஞ்சியவை மூன்று நெல்வழிகளைத் தாண்டவில்லை. திருத்தும் முறைமீதான உரிமையோ அம்முறை புகுந்த நெல்லினம் ஒவ்வொன்றையும் பின்தொடரக்கூடியது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிரினப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, வணிகப் பெயரிட்டு விற்றல் நீங்கலாக, தன் விளைச்சலின் வித்தைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமையளிக்கிறது. அவ்வாறு சேமித்த வித்திலே திருத்தப்பட்ட எட்டெழுத்தும் இருக்குமாயின் எவ்வுரிமை மேலோங்கும் என்பது இனிமேல் வழக்காடித் தீர்க்கப்பட வேண்டியதாகும்.